தாய்வீடு செல்லும் கர்ப்பிணியும் இரத்த அழுத்தமும்

(பீளமேட்டில் பஞ்சாயத்து உறுப்பினர்களிடையே நிகழ்த்திய பேச்சு)



பம்பு உற்பத்திக்குப் பெயர்பெற்ற பீளமேட்டில் கூடியிருக்கிறோம். ஆதலின் பம்பைக் கொண்டே தொடங்குவோம். நீர் செல்லும் குழாய் ஓரிடத்தில் சுருங்கினால் அழுத்தம் ஏறுகிறது. கடைசிப் பாத்திக்கோ நீர் போதவில்லை. கர்ப்பிணியின் உடலிலும் இத்தகைய கோளாறு நேர்வதுண்டு. நஞ்சுக்கொடிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் சரிவர விரியாவிடில், தாயின் இரத்த அழுத்தம் உயர்கிறது. சிசுவுக்கு வேண்டிய போஷாக்குக் குறைகிறது. சிசு எடை குன்றிப் பிறக்கிறது. சில வேளைகளில் வயிற்றிலேயே இறந்தும்விடுகிறது. தாய்க்கு வலிப்புக் கண்டு உயிருக்கே அபாயம் நேரலாம்.

கருவுற்று 20 வாரங்களுக்குப்பின் அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின் மருத்துவரின் கண்காணிப்பு அவசியம். அது 160/110ஐ எட்டினால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

இந்நோய் தலைச்சன் பிள்ளையைச் சுமக்கும் பெண்களுக்கே அதிகம் வருகிறது. பெரும்பாலும் கடைசி மாதங்களில் வருகிறது. நம் கொங்கு நாட்டில் சீர் செய்து மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதும் முதற் பிரசவத்திற்கே. அதே கடைசி மாதங்களில்தான். இவ்வழக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் புகுந்த ஊரின் செவிலியர் அவளை ‘ஊருக்குப் போய்விட்டாள்’ என்று எண்ண, பிறந்த ஊரின் செவிலியர் அவள் வந்ததையே அறியாதிருந்தால், அபாயம் மிகுந்த வாரங்களில் அவளது அழுத்தத்தை அளப்பார் யார்?

இந்நோய் பல வேளைகளில் எவ்விதத் தொல்லையும் காட்டாமலே வளரும், அளந்தாலன்றித் தெரியாது. ஓயாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவை கண்டால் அன்றே மருத்துவமனை சேர வேண்டும். ‘உப்பைக் குறைத்தால் வீக்கம் வடிந்துவிடும்’ என்று வீட்டில் வைத்திருப்பது பெரும் பிழை.

சிகிச்சை இல்லாத நோயன்று இது. அழுத்தத்தைத் தணிக்கக் கர்ப்பிணிகளுக்கு ஏற்ற மாத்திரைகள் உண்டு. வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் ஊசி உண்டு. 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட நோயுற்ற கர்ப்பிணிகளிடம் இம்மருந்தைச் சோதித்து, வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்ததென 2002இல் வெளியிட்டனர். நோய் முற்றினால் உரிய வேளையில் பிரசவம் செய்விப்பதே முடிவான பரிகாரம்.

பஞ்சாயத்தார் செய்ய வேண்டுவது எளிது. ஊரை விட்டுச் செல்லும் கர்ப்பிணியும், ஊருக்கு வந்துசேரும் கர்ப்பிணியும் யார் யார் என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரிவியுங்கள். சீர்வரிசைத் தட்டுகளோடு தாய்–சேய் நல அட்டையும் உடன் செல்லட்டும். தாய்வீடு சேர்ந்த வாரத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதிக்கச் செய்யுங்கள். ஆபத்து வேளையில் 108ஐ அழைக்கத் தயங்காதீர்கள். பிரசவத்திற்குப் பின்னும் வலிப்பு வரலாமாதலால், ஆறு வாரங்கள்வரை கண்காணிப்பைக் கைவிடாதீர்கள்.

மகளை அழைத்து வர நல்ல நாள் பார்க்கிறோம். அந்நாளிலேயே அவளது இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டால், தாயும் சேயும் நலமாய் வீடு திரும்புவர்.