மரக் கடைசல்: முதல் இயந்திரம் வாங்குவோருக்கு



மத்தினால் தயிரைக் கடைகிறோம்; மரத்தைக் கடைந்து பம்பரம் செய்கிறோம். இரண்டுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது காரணத்தோடுதான். பழைய கடைசல் பட்டறையில் மரத்தின்மீது கயிற்றைச் சுற்றி மாறி மாறி இழுப்பார்கள். மத்தைப் போலவே மரமும் முன்னும் பின்னும் சுழலும். ஒரு திசைச் சுழற்சியில் மட்டுமே உளி வெட்டும். மின்மோட்டார் வந்தபின் சுழற்சி இடையறாது ஒரே திசையில் நிகழ்கிறது. ஆயினும் உளி இன்றும் கையில்தான் இருக்கிறது. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால், இயந்திரம் வாங்குவதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பிற மாநிலங்களில் அலுவல் பார்க்கும் நம்மவருள் சிலர், மாலை வேளையில் கைத்தொழில் ஒன்று பழக விரும்பிக் கடைசலை நாடுகிறார்கள். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம், வாடகை வீடு, சுவருக்கு அப்பால் அயலார். இவற்றை எண்ணாமல் வாங்கினால் என்ன ஆகும்? தில்லியில் என் நண்பர் ஒருவர் சேமிப்பு முழுவதையும் பெரிய இயந்திரம் ஒன்றிலேயே போட்டார். உளிக்கும் சாணைக்கும் பணமில்லை. இரண்டாண்டுகளாக அது பால்கனியில் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறது.

ஆகவே முதல் விதி இது: கையிலுள்ள தொகையில் பாதியை மட்டும் இயந்திரத்துக்கு ஒதுக்குங்கள். மற்றப் பாதி உளிகளுக்கும், சாணைக்கும், முகக் காப்புக்கும் உரியது.

கடைக்காரரிடம் வெறுமனே ‘லேத்’ என்றால் இரும்பு கடையும் இயந்திரத்தைக் காட்டுவார். அதில் உளி ஒரு பிடிப்பில் பொருத்தப்பட்டிருக்கும். மர லேத்தில் உளித்தாங்கி ஒன்றே உண்டு; உளியை நாம்தான் பிடிக்க வேண்டும். அளவு கேட்கும்போது இரண்டு எண்களைக் கேளுங்கள். ஒன்று, எத்தனை அங்குல விட்டமுள்ள மரம் சுழலும் என்பது. மற்றொன்று, இரு முனைகளுக்கும் இடையே எத்தனை அங்குல நீளம் கொள்ளும் என்பது. வீட்டுக்கு 10 அங்குல விட்டமும் 16 அங்குல நீளமும் அரைக் குதிரைத்திறன் மோட்டாரும் தாராளம். எடை மிகுந்ததையே தேர்ந்தெடுங்கள். கனமே அதிர்வை அடக்கும். கனத்த மேசையில் திருகி, அடியில் ரப்பர் விரிப்பு இட்டால் கீழ்வீட்டாருக்கும் தொல்லை குறையும்.

வாங்குமுன் இரு முனைகளையும் அருகே கொண்டுவந்து பாருங்கள். கூர்கள் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். சுழல்தண்டைக் கையால் அசைத்தால் ஆட்டம் இருக்கலாகாது. தண்டின் மரை, 1 அங்குலத்துக்கு 8 புரி போன்ற பொது அளவாக இருக்கட்டும். இல்லையேல் பின்னர் சக்கு கிடைப்பது அரிது.

அடுத்தது சாணை. மழுங்கிய உளி மரத்தைச் சுரண்டும். கூரிய உளி சீவும். சீவல் நீளமாகச் சுருண்டு விழுந்தால் கூர் இருக்கிறது. பொடியாக உதிர்ந்தால் சாணைக்குச் செல்லுங்கள். பொடி நுரையீரலுக்குப் பகை. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவற்றின் வரிசையில் சேர்த்தது. ஆகவே கூர்மை அழகுக்கு மட்டுமன்று, உடல்நலத்துக்கும் காப்பு. உப்புத்தாள் தேய்க்கும்போது தூசு முகமூடி கட்டாயம்.

தொடக்கத்துக்கு நான்கு உளிகள் போதும்: உருட்டுவதற்கு அகன்ற குழியுளி, வளைவுகளுக்குச் சிறிய குழியுளி, துண்டிப்பதற்கு ஓர் உளி, சுரண்டுவதற்கு ஒன்று. அகன்ற குழியுளியைக் கிண்ணம் குடைய ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அதன் காம்பு மெலிந்தது, முறிந்து தெறிக்கும்.

வேகத்துக்கு எளிய கணக்கு உண்டு. மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் கொண்டு, நிமிடச் சுற்றுகளால் பெருக்கினால் 6000க்கு மேற்படலாகாது. 2 அங்குலக் கட்டைக்கு 3000 சுற்று. 8 அங்குலக் கிண்ணத்துக்கு 750. புதியவர் அதிலும் பாதியில் தொடங்குவது நன்று. விசையைப் போடுமுன் மரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கையுறை, தொங்கும் துண்டு, முந்தானை, தளர்ந்த சட்டைக்கை எதுவும் அருகே வரலாகாது. கண்ணாடி மட்டும் போதாது. முகம் முழுவதையும் மறைக்கும் காப்பு வேண்டும்.

முதற்பொருளாகக் கிண்ணத்தை நாடாதீர்கள். மரத்தின் இழை நீளவாக்கில் அமையும் உருளையே முதற்பாடம். உளியின் சாய்ந்த முகத்தை மரத்தில் படியவைத்து, பிடியை மெல்ல உயர்த்துங்கள். கூர் தானே மரத்தைப் பற்றும். பத்து உருளைகள் கடைந்தபின் பூரிக்கட்டை, அதன்பின் பருப்பு மத்து, பிறகு பம்பரம். வீட்டில் பயன்படும் பொருள் ஒன்று உருவாகிவிட்டால், இரைச்சலைப் பற்றி இல்லத்தார் முறையிடுவதும் குறையும்.

நூலைவிட, தேர்ந்த கை ஒன்றைப் பார்ப்பது பெரிய கல்வி. நாம் வாழும் மாநிலங்களிலேயே அதற்கு இடங்கள் உண்டு. பெங்களூரிலிருந்து மைசூர்ச் சாலையில் ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் சென்னபட்டணம் இருக்கிறது. அங்கே வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே வண்ண அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது; தாழை மடலால் தேய்க்க, பளபளப்பு ஏறுகிறது. ஆந்திரத்தில் வராக நதிக்கரையில் ஏடிகொப்பாக்கா, குஜராத்தில் சங்கேடா, வடக்கே காசி ஆகிய இடங்களிலும் கடைசலும் அரக்கும் இணைந்து வாழ்கின்றன. அக்கைவினைஞரின் இயந்திரம் பெரும்பாலும் எளியது. அவர் உளியின் கூரைப் பாருங்கள், தோள் அசையாமல் உடல் சாய்வதைப் பாருங்கள். அவர் செய்த பொருளில் ஒன்றை விலை கொடுத்து வாங்கி வருவதே அப்பாடத்துக்குரிய தட்சிணை.

இயந்திரம் இன்று வாங்கினால் நாளை வீடு வந்து சேரும். கையோ பல மாதங்கள் கழித்துத்தான் வரும். அந்த மாதங்களுக்கு வேண்டிய கூரும் காப்பும் பொறுமையும் கைவசம் இருக்குமாறு செலவைத் திட்டமிடுங்கள்.