நின்றவரும் நிறுத்தப்பட்டவரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய விழா மேடையில் மென்பொருளுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வேலை உண்டு. கல்லூரிப் படிப்பை இடையிலே விடக்கூடிய மாணவர் யார் என்பதைக் கணிப்பொறி முன்கூட்டிச் சொல்லும் காலம் வந்துவிட்டது. அது சொல்வதற்கு எவ்வாறு பொருள்கொள்வது என்பது மொழியோடு தொடர்புடைய வினா. ஆகவே தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு.

ஆங்கிலத்தில் இத்தகையோரை 'டிராப் அவுட்' என்பர். உதிர்ந்து வெளியே விழுந்தவர் என்னும் படிமம் அதில் இருக்கிறது. தமிழகக் கல்வித்துறை வழங்கும் சொல் 'இடைநிற்றல்'. வழியில் நின்றவர் மறுபடியும் நடக்கலாம் என்னும் குறிப்பு அச்சொல்லில் அடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அதிலும் ஒரு குறை உண்டு. நிற்றல் தன்வினை. 'நின்றாள்' என்று சொன்ன அளவில் எழுவாய் மாணவியே ஆகிவிடுகிறாள். பொறுப்பும் அவள் தலையில் ஏறிவிடுகிறது. வீடுகளில் வழங்கும் பேச்சைக் கேட்டால் வேறு வினை வரும். "பிள்ளையைக் காலேஜை விட்டு நிறுத்திட்டாங்க" என்பார்கள். நிறுத்துதல் பிறவினை. நிறுத்தியது தந்தையாக இருக்கலாம். கட்டாத தேர்வுக் கட்டணமாக இருக்கலாம். தாயின் நோயாகவோ திருமணப் பேச்சாகவோ இருக்கலாம். மென்பொருள் அறிவது தன்வினையை மட்டுமே. இன்ன மாணவி பத்து நாளாக வரவில்லை என்று அது சொல்லும். வரவிடாமற் செய்தது யாது என்று சொல்லாது.

இந்த வேறுபாடு இலக்கண வகுப்போடு நின்றுவிடுவதன்று. 2021-22ஆம் ஆண்டுக்கான அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர் பலர் இந்த 47க்குள் இருக்கின்றனர். வாசலுக்குள் வந்தவர் பட்டம் பெற்று வெளியேறுகின்றனரா என்பதே இனி எழும் கேள்வி.

மென்பொருள் இதனை எவ்வாறு கணிக்கிறது? எடுத்துக்காட்டாக மூடுல் என்னும் கற்றல் மேலாண்மை மென்பொருளைக் கொள்ளலாம். 2002ஆம் ஆண்டு இதன் முதற்பதிப்பை வெளியிட்டவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டூஜியாமாஸ். மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைநிலப் பகுதியில், வானொலி வழியாகப் பாடம் கேட்டு வளர்ந்தவர் அவர். தொலைவில் இருக்கும் மாணவரின் தனிமையை அறிந்தவர் ஆக்கிய கருவி இது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. கட்டணமின்றிக் கிடைப்பதால் இந்தியக் கல்லூரிகள் பலவற்றிலும் வழக்கில் உள்ளது.

2017 நவம்பரில் வெளிவந்த 3.4ஆம் பதிப்பில், இடைநிற்கும் நிலையில் உள்ள மாணவரைக் கண்டறியும் கணிப்புமுறை அதில் சேர்க்கப்பெற்றது. முன்பு நடந்து முடிந்த பாடங்களின் பதிவுகளை அது முதலில் கற்கிறது. பாடத்தைத் திறந்து பார்த்தவர் யார், ஒப்படைப்பை அனுப்பியவர் யார், ஆசிரியரின் கருத்துரையைப் படித்துத் திருத்தியவர் யார், சக மாணவருடன் உரையாடியவர் யார் என்றெல்லாம் கணக்கிடுகிறது. பாடக் காலத்தின் இறுதிக் காற்பகுதியில் எந்தச் செயலும் இல்லாதவரை 'நின்றவர்' எனக் கொள்கிறது. அவர்கள் தொடக்கத்தில் எப்படி நடந்துகொண்டனர் என்பதை, இன்று பயிலும் மாணவரின் நடத்தையோடு ஒப்பிட்டு, 'இவரும் நிற்கக்கூடும்' என்று ஆசிரியருக்கு அறிவிக்கிறது. சாதியையோ பெற்றோர் வருமானத்தையோ அது கேட்பதில்லை. அந்த அளவில் அது பல மனிதரினும் மேலானதே.

ஆனால் தாம்பரம் வட்டாரத்து வகுப்பறை ஒன்றில் நடப்பது வேறு. ஆசிரியர் பாடக் குறிப்பை மூடுலிலோ கூகுள் கிளாஸ்ரூமிலோ ஏற்றுவார். வகுப்புத் தலைவி அதனை இறக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவாள். அறுபது பேரும் படிப்பார்கள். மென்பொருளின் கணக்கிலோ படித்தவள் ஒருத்தி. மற்ற ஐம்பத்தொன்பது பேரும் செயலற்றவர்கள். அண்ணனும் தங்கையும் ஒரே கைப்பேசியைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில், அண்ணன் இரவு வேலைக்குக் கைப்பேசியோடு போய்விட்டால் தங்கையின் ஒப்படைப்பு மறுநாள்தான் போகும். பெருந்தொற்றுக் காலத்தில் தமிழக அரசே இதில் ஒரு பகுதியை உணர்ந்து, 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. இணையத் தரவை விலையின்றி வழங்கியது. தரவு கிடைத்தது, கைப்பேசி எல்லார்க்கும் கிடைத்ததென்று சொல்ல முடியாது.

முகூர்த்த நாள்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திருமண மண்டபங்களில் பந்தி பரிமாறும் 'கேட்டரிங்' வேலைக்குச் செல்லும் மாணவர் தென்சென்னைப் புறநகர்க் கல்லூரிகளில் உண்டு. முதல்நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியற்காலை முகூர்த்தம் என்று இரண்டு வேளையும் நின்றால் கிடைக்கும் கூலி, பேருந்துச் செலவுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் ஆகும். அம்மாணவன் ஆவணியிலும் தையிலும் வராமல், மார்கழியில் ஒழுங்காக வருவான். நாள்காட்டி பார்த்த ஆசிரியருக்கு இது நொடியில் விளங்கும். இன்னொன்று: அவன் வராத நாள்கள் அவன் படிப்பைக் கைவிடும் அறிகுறிகள் அல்ல, படிப்பைக் காப்பாற்றிக்கொள்ள அவன் செலுத்தும் விலை. மென்பொருள் இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதும்.

2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் அடையாற்று நீர் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அப்பகுதிகள் மீண்டும் நீரில் மூழ்கின. மின்சாரம் இன்றிக் கிடந்த அந்த நாள்களில் ஒரு கணிப்புமுறை ஓடிக்கொண்டிருந்தால், கரையோரத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒருசேரப் படிப்பில் ஆர்வம் இழந்ததாக அது முடிவு கட்டியிருக்கும்!

தாம்பரத்திற்கு இதில் பழைய வரலாறு ஒன்றும் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937ஆம் ஆண்டு நகரத்தின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக் காட்டுப்பகுதிக்கு இடம்பெயர்ந்தபோது, விடுதி வாழ்வைக் கல்வியின் நடுவில் வைத்தது. செயிண்ட் தாமஸ், சேலையூர், பிஷப் ஹீபர் ஆகிய விடுதிகளில் காப்பாளராகிய ஆசிரியர் மாணவரின் அருகிலேயே வாழ்ந்தார். சாப்பாட்டுக்கு வராத பிள்ளை கண்ணில் படுவான். அந்த அறிவு எந்த ஏட்டிலும் ஏறியதில்லை. இன்று கல்லூரிகள் காலை, மாலை என இரு சுழற்சியாக இயங்குகின்றன. மாணவரோ செங்கற்பட்டு, சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், கூடுவாஞ்சேரி என்று மின்தொடர்வண்டிப் பாதை நெடுகிலுமிருந்து வந்து, வகுப்பு முடிந்த கையோடு வேலைக்கு ஓடுகின்றனர். விடுதிக் கண் இங்கே எட்டாது. ஆகையால் ஒரு கருவியின் துணை தேவைப்படுகிறது என்பதை மறுப்பது நேர்மையாகாது. வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் பொறுப்பில் இருபது முப்பது மாணவர் இருக்கும்போது, யாரை முதலில் அழைத்துப் பேசுவது என்று நினைவூட்டும் அளவுக்குக் கருவி நல்லதே.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் இத்துறையில் முன்னோடி. மாணவரின் பாடப் பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சாலை விளக்குப் போல நிலையைக் காட்டும் 'கோர்ஸ் சிக்னல்ஸ்' என்னும் முறையை அது கொண்டுவந்தது. அதனைப் பயன்படுத்திய மாணவர் கூடுதலாகத் தங்கிப் படித்தனர் என்று பெருமையோடு அறிவிக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு மைக்கேல் கால்ஃபீல்டு, ஆல்ஃபிரட் எஸ்ஸா ஆகியோர் அந்தக் கணக்கைக் கேள்விக்குள்ளாக்கினர். எஸ்ஸா காட்டிய உவமை சுவையானது. பாடத்திற்கு ஒரு சாக்லேட் என்று கொடுத்துப் பாருங்கள். நெடுங்காலம் படித்தவனிடம் சாக்லேட் நிறையச் சேர்ந்திருக்கும். அதைக் கொண்டு, சாக்லேட் தின்றதால்தான் அவன் படிப்பைத் தொடர்ந்தான் என்று சொல்லிவிடலாமா? தொடர்ந்து படித்ததனாலேயே மிகுதியான விளக்குகளைக் கண்டவனை, விளக்கைக் கண்டதனால் தொடர்ந்தவன் என்று மாற்றி எண்ணிவிட்ட பிழை அது. விளம்பரத் தாளை நீட்டி மென்பொருள் விற்க வருவோரிடம் கல்லூரிகள் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதிலிருந்தே கிடைக்கிறது.

நிறம் பற்றித் தமிழ்நாட்டில் இன்னொரு கவலையும் உண்டு. மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறு சாதியைக் காட்டும் குறியானதால், பள்ளிக் கல்வித்துறை 2019ஆம் ஆண்டு சுற்றறிக்கை விட நேர்ந்தது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அமைக்கப்பெற்று, 2024 ஜூனில் அறிக்கை அளித்த நீதியரசர் கே. சந்துரு குழுவும் அத்தகைய கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. பெயர்களுக்கு நேரே வண்ணம் தீட்டிய பட்டியலை வகுப்பறைத் திரையில் காட்டும் ஆசிரியர், இந்த மண்ணில் வண்ணம் எவ்வளவு விரைவில் ஆளோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பட்டியல் யார் கைக்குப் போகிறது என்பது அதனினும் பெரிய வினா. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் மவுண்ட் செயிண்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில், புதிய மாணவரிடம் ஒரு வினாத்தாள் கொடுக்கப்பட்டது. அவர்களை அறிந்துகொள்வதற்காக என்றே சொல்லப்பட்டது. தடுமாறக்கூடிய இருபது இருபத்தைந்து பேரை, கணக்கெடுப்பு நாளுக்கு முன்பே வெளியேறச் செய்துவிட்டால் நிறுவனத்தின் தங்குவீதம் உயர்ந்து தோன்றும் என்பதே தலைவரின் திட்டம் என 2016 ஜனவரியில் மாணவர் இதழே வெளிப்படுத்தியது. பிப்ரவரி இறுதியில் தலைவர் பதவி விலகினார். தர மதிப்பீட்டுப் புள்ளிகளுக்காகத் தேர்ச்சி விழுக்காட்டை எண்ணிக்கொண்டிருக்கும் எந்த நாட்டுக் கல்லூரியும் இதனை வெளிநாட்டுக் கதையென்று ஒதுக்கிவிட முடியாது. இங்கே பட்டியலே பிறவினை செய்யத் துணிந்தது. நிற்கப்போகிறவர் என்று குறிக்கப்பட்டவர் நிறுத்தப்படவிருந்தார்.

இதற்கு நேர் மாறானது ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வழி. 2012 முதல், ஏறத்தாழ எண்ணூறு அறிகுறிகளை மென்பொருள் அங்கே நாள்தோறும் கவனிக்கிறது. செய்திகளில் பெரிதாகப் பேசப்படுவது இந்த எண்ணூறுதான். ஆனால் மென்பொருளோடு சேர்த்து ஆலோசகர் பலரையும் அப்பல்கலைக்கழகம் புதிதாக அமர்த்தியது; அதற்கு முந்திய ஆண்டே, கட்டணத்தில் சிறு தொகை குறைந்ததால் பெயர் நீக்கப்படும் நிலையிலிருந்த மாணவர்க்கு அத்தொகையைத் தானே கொடுக்கவும் தொடங்கியது. கணிப்பின் மறுமுனையில் ஆளும் பணமும் காத்திருந்தன. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்கு வந்தோர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க வகுக்கப்பட்டவை. இத்தகைய உதவியில் ஒரு தவணை ஒரு மாணவிக்கு ஏன் வரவில்லை, வங்கிக் கணக்கில் என்ன தடை என்று கேட்டறிந்து தீர்க்கும் ஓர் அலுவலர், பல சமயங்களில் எண்ணூறு அறிகுறிகளுக்கு ஈடாவார்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக ஒன்று. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. முதலாண்டு மாணவர் பலர் பதினேழு வயதினர். பாதுகாக்கப்பட வேண்டிய பருவத்தினர் பற்றிய பதிவு அது என்னும் உணர்வு, கணிப்பொறி அறையில் இருப்போர்க்கு வேண்டும்.

இறுதியாக ஒரு சிறு நடைமுறை. மென்பொருள் எச்சரிக்கை தந்தவுடன் பெற்றோர்க்குத் தானாகவே குறுஞ்செய்தி போகும்படி அமைப்பது எளிது. பல கல்லூரிகள் அதனையே பெரிய வசதி என்று எண்ணுகின்றன. சேர்க்கைப் படிவத்தில் உள்ள எண் பெரும்பாலும் தந்தையினுடையது. 'தங்கள் மகள் நான்கு நாள்களாக வகுப்புக்கு வரவில்லை' என்னும் ஒரு வரி, மகள் எங்கே போனாள் என்னும் ஐயமாக மாறி, அந்த வாரமே படிப்பை முடித்துவைத்துவிடக் கூடும். அவள் தாயுடன் மருத்துவமனையில் இருந்திருப்பாள். அல்லது தோழியின் அறையில் அமர்ந்து ஒப்படைப்பு எழுதிக்கொண்டிருந்திருப்பாள். முதல் அழைப்பு மாணவியின் எண்ணுக்கே போகட்டும். அவளிடம் கைப்பேசி இல்லையென்றால் அவள் நம்பும் தோழியின் எண்ணுக்குப் போகட்டும். அழைப்பவர் அவளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியராக இருக்கட்டும். "ஏன் வரவில்லை?" என்பதற்கு முன் "வீட்டில் எல்லாரும் நலமா?" என்று கேட்கட்டும். படிவத்தில் 'யாரை அழைக்கலாம்' என்னும் கட்டம் ஒன்றைச் சேர்த்து, அதனை மாணவியே தன் கையால் நிரப்பும்படி வரும் கல்வியாண்டு முதலே செய்யலாம். அதற்கு எந்த மென்பொருளும் வாங்க வேண்டியதில்லை.