தானாகப் போன பழுது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"டெக்னிக்கலா ஏதாவது பேசுப்பா, ஆனா போர் அடிக்காம பேசு" என்று சங்கச் செயலாளர் அண்ணன் சொல்லிவிட்டார். எனவே நான் அசடு வழிந்த கதையையே சொல்கிறேன்.

எங்கள் தாத்தா மைக் செட் வாடகைக்கு விட்டவர். அவருடைய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று இன்றும் வீட்டில் இருக்கிறது. முன்பகுதியில் இரண்டு ஈ.சி.சி. 83, அவுட்புட்டில் இரண்டு ஈ.எல். 84. அப்பாவுக்கு அதில் ரெக்கார்டு கேட்டால்தான் பாட்டு. அதில் ஒரு கோளாறு வந்தது. இருபது நிமிஷம் ஒழுங்காகப் பாடும். பிறகு பட்டாசுச் சரம் மாதிரி 'படபட'வென்று சத்தம். கொஞ்ச நேரத்தில் தானே அடங்கிவிடும்.

இஞ்சினியர் பிள்ளை சும்மா இருப்பேனா? நாலு வால்வையும் ஒரேயடியாக மாற்றினேன். சத்தம் நின்றது. "சரி பண்ணிட்டேன்ப்பா" என்று மார்தட்டினேன். அடுத்த மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். மாலை மாற்றும் நேரத்தில், நாதஸ்வர ரெக்கார்டுக்கு நடுவே, அதே படபட! மடியிலிருந்த குழந்தைகள் அலறின. அப்பா திட்டவில்லை. "தானா போன பழுது தானா திரும்பி வரும்னு தாத்தா சொல்வாருடா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அன்றிரவு நம் லேப் ஞாபகம் வந்தது. மீட்டரைத் தொடுவதற்கு முன் சார் கேட்பார்: "எங்க பார்க்கப் போற? ஏன் அங்க?" அந்தக் கேள்வியோடு மறுபடி உட்கார்ந்தேன்.

முதலில் பாதுகாப்பு. வால்வு செட்டில் 300 வோல்ட் டி.சி. சாதாரணம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது ஃபில்டர் கண்டென்சரில் தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்யக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். ஆகவே நல்ல ஸ்பீக்கரைக் கழற்றி, போனால் போகட்டும் என்று ஒரு பழசை மாட்டினேன்.

சத்தம் வரும்வரை காத்திருந்து, வந்ததும் வால்யூமைக் குறைத்தேன். சத்தம் குறையவில்லை. அப்படியானால் கோளாறு வால்யூமுக்குப் பின்னால். முன்பாதிக்கு விடுதலை! அடுத்து, 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் கண்டென்சரின் ஒரு முனையை சேஸிஸில் இணைத்தேன். ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, மறுமுனையை இன்சுலேஷன் உள்ள புரோபால் ஒவ்வொரு கிரிட்டிலும் வைத்துப் பார்த்தேன். ஃபேஸ் இன்வர்ட்டரின் கிரிட்டில் வைத்தால் சத்தம் நின்றது. அதற்கு முந்தைய கட்டத்தின் கிரிட்டில் வைத்தால் நிற்கவில்லை. திருடன் அந்த இரண்டுக்கும் நடுவில்!

அங்கே இருப்பது வால்வு, சாக்கெட், பிளேட் ரெசிஸ்டர், கப்ளிங் கண்டென்சர். வால்வு புதுசு. மரப் பென்சிலால் சாக்கெட்டைத் தட்டினேன், மாற்றமில்லை. ஹேர் டிரையர் சூட்டைக் கண்டென்சருக்குக் காட்டினேன், பேசாமல் இருந்தது. 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டருக்குக் காட்டியதும் 'படபட'!

அது கார்பன் தூளையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்த பழைய ரகம். வயதும் சூடும் ஈரமும் சேர்ந்தால் தூளுக்குத் தூள் தொடர்பு நிலையில்லாமல் போகும். கழற்றி மீட்டரில் வைத்தால் 108 கிலோ ஓம், பரம யோக்கியன் மாதிரி! மீட்டரின் சில வோல்ட்டில் காட்டாத குணத்தை, நூறு வோல்ட்டுக்கு மேல் போனால் காட்டுகிறது.

சில ரூபாய் விலையில் ஒரு மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் போட்டேன். சத்தம் நின்றது. (நாலு வால்வின் விலையை இங்கே சொல்ல மாட்டேன், என் மனைவியும் வந்திருக்கிறார்.)

இந்த முறை மார்தட்டவில்லை. பழைய ரெசிஸ்டரையே திரும்பப் போட்டுச் சூடு காட்டினேன், சத்தம் வந்தது. புதியதைப் போட்டேன், போனது. அப்புறம்தான் அப்பாவைக் கூப்பிட்டேன்.

தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் எந்தத் தொழிற்சாலையில், எந்த மிஷின் முன்னால் நின்றாலும் சரி, சத்தம் நின்றதும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். ஏன் நின்றது என்று சொல்ல முடிந்தால் சந்தோஷப்படுங்கள். வேண்டும்போது வரவழைக்கத் தெரிந்தால்தான் அந்தப் பழுது நம் கைக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த ரெசிஸ்டரை அப்பா தூக்கிப் போட விடவில்லை. ரெக்கார்டுப் பெட்டிக்குள் ஒரு தீப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.