பில் எந்தப் பணத்தில்?



மலேசியாவின் செமினிப் பக்கம் ரப்பர் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில் விலை சொல்வது சிங்கப்பூர்ச் சந்தை. ராத்தலுக்கு இத்தனை காசு என்பார்கள். அந்தக் காசும் நம் காசுதான். 1950-களில் மலாயா, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ, புருணை எல்லாவற்றிலும் ஒரே வெள்ளிதான் புழங்கியது. சிங்கப்பூருக்குச் சரக்கு அனுப்புகிறவர் எந்தப் பணத்தில் பில் போடுவது என்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லை.

லண்டனுக்கு அனுப்பியவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 60 வெள்ளிக்கு 7 பவுண்டு என்பது 1906-லேயே கட்டிவைத்த கணக்கு. பவுண்டில் எழுதினாலென்ன, வெள்ளியில் எழுதினாலென்ன?

1967 ஜூன் 12-இல் மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனியாகப் பணம் வெளியிட்டன. ஆனாலும் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம். ஐந்தே மாதத்தில், நவம்பர் 18-ஆம் தேதி, பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. நம் புது வெள்ளி அதோடு சேர்ந்து இறங்கவில்லை. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பவுண்டுக்கு பில் போட்டுவிட்டுக் காத்திருந்தவருக்கு 857 வெள்ளி வந்திருக்க வேண்டும். கிடைப்பதோ 735-க்கும் குறைவு. சிங்கப்பூருக்கு வெள்ளியில் எழுதியவருக்கு ஒரு காசு நட்டமில்லை. பவுண்டோடு கட்டுண்டிருந்த பழைய ஒரு வெள்ளி நோட்டு மட்டும் 85 காசாகச் சுருங்கியது. அந்த ஆத்திரத்தில் பினாங்கில் கடையடைப்பு கலவரமாகவே வெடித்தது.

பொதுப் பணம் இருந்தால் மாற்றுக் கூலி மிச்சம் என்பார்கள். அது சில்லறை லாபம். விலை பேசிய நாளுக்கும் பணம் கைக்கு வரும் நாளுக்கும் நடுவே யார் தலையில் நட்டம் விழும் என்ற கேள்வியே எழாமல் போவதுதான் பெரிய லாபம். 1973 மே 8-இல் மலேசியா அந்த ஒன்றுக்கு ஒன்று ஏற்பாட்டிலிருந்து விலகியது. அன்றோடு ஜொகூர் பாலத்தைத் தாண்டும் சரக்குக்கும் அந்தக் கேள்வி வந்துவிட்டது. சிங்கப்பூரும் புருணையும் இன்றுவரை ஒன்றுக்கு ஒன்றுதான்.

இன்று நாம் பில்லைப் பெரும்பாலும் அமெரிக்க டாலரில் எழுதுகிறோம், வாங்குகிறவரும் விற்கிறவரும் அமெரிக்கர் இல்லாதபோதும். தமிழ்நாட்டிலிருந்து சரக்கு இறக்கும் கிள்ளான் வியாபாரிக்கு 2023 ஏப்ரல் முதல் இன்னொரு வழியும் உண்டு: இந்திய ரூபாயிலேயே கணக்கை முடிக்கலாம். அடுத்த முறை விலை பேசும்போது, கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் வங்கியில் இதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.