நட்சத்திரமும் ஒரு சாட்சியமே!

(தர்மபுரி மாவட்டப் பள்ளிவாசல் ஒன்றில் நிகழ்த்தப்பட்ட ஜுமுஆ உரை)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!



பாலக்கோடு மண்டியில் தக்காளி வாங்குபவர் மேலடுக்கை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. பெட்டியின் அடிவரை கைவிட்டுப் பார்க்கிறார். அதே மனிதரிடம் அவர் மகன் கைபேசியில் ஒரு விளையாட்டைப் பதிவிறக்க அனுமதி கேட்டால், "நான்கரை நட்சத்திரம் இருக்கிறதே" என்று உடனே தலையசைத்து விடுகிறார். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் சென்றுவிட்ட தந்தையருக்கோ அதைப் பார்க்கவும் வாய்ப்பில்லை.

எவ்விளையாட்டு ஆகும், எவ்வளவு நேரம் ஆகும் என்பது தனியாகப் பேச வேண்டியது. இன்று அந்த நட்சத்திரத்தைப் பற்றி மட்டும் சிந்திப்போம். அது முகம் தெரியாத பலர் அளித்த சாட்சியம். சாட்சியத்திற்கு மார்க்கம் விதித்த நிபந்தனைகள் அதற்கும் உண்டு.

அறிந்தவரே சாட்சி

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்ற விளையாட்டின் இரண்டாம் பாகம் 2020 ஜூன் 19 அன்று வெளியானது. அதை ஆடி முடிக்க 20 மணி நேரத்திற்கும் மேலாகும். ஆனால் வெளியான சில மணி நேரத்திலேயே மெட்டாகிரிட்டிக் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் பத்துக்குப் பூஜ்ஜியம் அளித்துவிட்டனர். முழுமையாக ஆடிப் பாராமலே தீர்ப்பு! அடுத்த மாதமே, விளையாட்டு வெளியாகி 36 மணி நேரம் கழிந்த பின்னரே பயனர் கருத்தை ஏற்பது என அத்தளம் விதி வகுத்தது.

நம் நாட்டிலும் இதுபோல் நடந்தது. 2017 ஏப்ரலில் ஸ்னாப்சாட் நிறுவனத் தலைவர் இந்தியாவை இழிவாகப் பேசியதாக ஒரு செய்தி பரவியது. நிறுவனம் அதை மறுத்தது. கோபம் கொண்டோர் அச்செயலிக்கு ஒற்றை நட்சத்திரம் அளித்தனர். பெயர் ஒத்திருந்த ஒரே காரணத்தால், தொடர்பே இல்லாத இந்திய நிறுவனமான ஸ்னாப்டீலுக்கும் சிலர் அதையே அளித்தனர்! செய்தி வந்தால் விசாரித்துத் தெளியுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுவது இதனால்தானே! நாம் அழுத்தும் ஒரு நட்சத்திரம் எவரோ ஒருவரின் பிழைப்பைத் தொடுகிறது.

கூலிச் சாட்சி

"5 நட்சத்திரம் கொடுங்கள், இலவச நாணயங்கள் பெறுங்கள்" எனச் சில விளையாட்டுகள் பிள்ளைகளை அழைக்கின்றன. கூகுள் பிளே விதிகள் இதைத் தடுக்கின்றன. கூலிக்கு எழுதப்பட்ட கருத்துகளை வெளியிடலாகாது எனக் கூறும் ஐஎஸ் 19000 தரநிலையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் வெளியிட்டது. ஆயினும் விரும்பிய தளங்கள் ஏற்றுக்கொள்ளும் தரநிலையாகவே அது வந்தது. சட்டம் எட்டாத இடத்தில் இறையச்சம் எட்ட வேண்டும். நாணயத்திற்காக நட்சத்திரம் விற்கும் சிறுவன், பொய்ச்சாட்சியின் முதற்பாடத்தைக் கற்கிறான். பொய்ச்சாட்சியைப் பெரும் பாவங்களுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

நீதியான சாட்சி

அப்படியாயின் இக்கருத்துகள் அனைத்தும் வீணா? இல்லை. 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2' விளையாட்டைக் கணினியில் ஆடுவோர் சோனியின் பிளேஸ்டேஷன் கணக்கையும் இணைத்தாக வேண்டும் என அந்நிறுவனம் அறிவித்தது. அக்கணக்கைத் தொடங்கவே இயலாத நாடுகள் பல. காசு கொடுத்து வாங்கியவர்கள் ஸ்டீம் தளத்தில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட எதிர்க்கருத்துகளைப் பதிந்தனர். சில நாட்களிலேயே சோனி அம்முடிவைக் கைவிட்டது. குறை நீங்கியதும் பலர் தம் கருத்தை நல்லதாக மாற்றி எழுதினர். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யலாகாது என்ற அல்மாயிதா 8ஆம் வசனத்தின் போதனையை எண்ணிப் பாருங்கள். குறையைச் சொல்வது உரிமை. அது தீர்ந்தபின் திருத்திச் சொல்வது கடமை.

பெற்றோரே!

சராசரி நட்சத்திரத்தோடு நின்றுவிடாதீர்கள். இரண்டு, மூன்று நட்சத்திரம் தந்தவர்களின் எழுத்தைப் படியுங்கள். நிறையும் குறையும் அங்கேதான் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். பணம் பிடுங்குகிறதா, அந்நியர் உரையாட வழியுண்டா, விளம்பரங்கள் எத்தகையவை எனத் தேடுங்கள். எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதை ஸ்டீம் தளம் காட்டுகிறது, அதையும் கவனியுங்கள். உங்கள் பிள்ளை கருத்து எழுதினால், தான் கண்டதை மட்டும் எழுதப் பழக்குங்கள்.

அளவில் மோசடி செய்வோருக்குக் கேடு என எச்சரிக்கும் அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயம் தராசுக்காரருக்கு மட்டும் உரியதன்று. இன்று நம் ஒவ்வொருவர் விரல் நுனியிலும் ஒரு தராசு தொங்குகிறது. அதை நேராகப் பிடிக்கும் நல்லடியார்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.