பழைய வால்வும் செவியின் தீர்ப்பும்

சந்தையிலே மண்குடம் வாங்குவோர் அதனை விரலாற் சுண்டிப் பார்ப்பர். கணீரென்று ஒலித்தால் குடம் நன்று. கரகரத்தால் அதிலே கீறல் உண்டு. குயவர் பெயரை எவரும் கேட்பதில்லை. செவி சொல்வதே தீர்ப்பு. ஆனால், இசைத்தட்டின் நாதத்தைத் துல்லியமாகக் கேட்க விழையும் அன்பர்கள் பழைய வால்வு ஒன்றை வாங்கும்போது, இம்முறை தலைகீழாகி விடுகின்றது. அங்கே பெயர் முந்திக்கொள்கின்றது. செவி அதன் பின்னே செல்கின்றது.

வால்வு என்பது யாது? காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குழாயே அது. உள்ளே சூடேறிய கதோட்டு இலத்திரன்களை வெளிவிட, அனோட்டு அவற்றை ஈர்த்துக்கொள்ளும். இத்தகைய இருமுனை வால்வை 1904ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் பிளெமிங் என்பார் ஆக்கினார். பின்னர் அமெரிக்கரான லீ டி பொறெஸ்ட் இடையிலே கம்பிவலையொன்றை வைத்தார். அவ்வலையில் நிகழும் சிறு மின்மாற்றம் அனோட்டிலே பெருமாற்றமாக வெளிப்படும். இசைத்தட்டின் ஊசி தரும் மெல்லிய மின்னலையை முதன்முதல் வளர்ப்பது முன்பெருக்கி. அங்கே நேரும் சிறு குறையும் பின்னர்ப் பன்மடங்காகப் பெருகும். ஆகவே, அதில் அமரும் வால்வைப் பற்றி அன்பர்கள் கவலை கொள்வது வீணன்று.

முன்பெருக்கிகளிற் பெரிதும் வழங்குவது, அமெரிக்காவில் 12 ஏ. எக்ஸ். 7 என்றும் ஐரோப்பாவில் ஈ. சீ. சீ. 83 என்றும் பெயர் பெற்ற வால்வு. ஒரே குழாயினுள் இரு மும்முனை வால்வுகள் அடங்கிய இதன் பெருக்கக் காரணி 100 ஆகும். ரஷ்யா, சுலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் இது புதிதாகச் செய்யப்படுகின்றது. ஆயினும், இங்கிலாந்தின் பிளாக்பேர்ன் நகரில் முன்னர்ச் செய்யப்பட்ட முல்லாட் வால்வுக்கும், ஜேர்மனியின் டெலிபங்கன் வால்வுக்கும் விலை மிகுதி. முன்னையது இதமான ஓசை தரும், பின்னையது தெளிவான ஓசை தரும் என்பது சேகரிப்போர் கூற்று.

இக்கூற்றை எவ்வாறு சோதிப்பது? வால்வுகளுக்கிடையே வேறுபாடு இல்லாமலில்லை. நெடுநாள் உழைத்த கதோட்டு தளர்ந்துவிடும். உள்ளுறுப்பு இளகிய வால்வை மெல்லத் தட்டினால் அவ்வதிர்ச்சி ஒலிபெருக்கியிலே மணிபோற் கேட்கும். இவை ஒவ்வொரு வால்வின் உடல்நிலையேயன்றி, அதன் குலப்பெருமையல்ல. மேலும், ஒரு தொழிற்சாலை செய்த வால்வின்மேல் மற்றொன்றின் பெயர் பொறிக்கப்பட்டு விற்கப்பட்டதும் உண்டு. விலை மிகுந்தபின் பொய்ப்பெயர் பொறிப்போரும் தோன்றினர்.

இன்னொரு மயக்கமும் உண்டு. ஒரு வால்வு மற்றதைவிடச் சிறிதளவு உரத்து ஒலித்தால், செவி அதனை உரம் என்று உணராது. இனிமை என்றே கொள்ளும். எனவே, முதலில் இரண்டின் உரத்தையும் கருவியால் அளந்து சமப்படுத்தல் வேண்டும். ஓசையின் நுட்பமோ நினைவில் நெடுநேரம் நில்லாது. ஆதலால், ஒரே வகையான இரு முன்பெருக்கிகளில் வால்வுகளைப் பொருத்தி, ஆளியினால் உடனுக்குடன் மாற்றிக் கேட்பதே தக்கது. பின்பு வால்வுகளை இடம் மாற்றி மீண்டும் கேட்டால், பெருக்கியின் குணம் எது, வால்வின் குணம் எதுவெனப் புலப்படும். உள்ளே இருநூறு உவோற்றுக்கு மேலும் மின் இருக்கக்கூடும். மின்னை நிறுத்திய பின்னரும் அது சிறிது நேரம் தங்கி நிற்கும் என்பதை மறத்தலாகாது.

ஆளியை இயக்குபவர் வேறொருவராக இருத்தல் வேண்டும். கேட்பவர் எது ஒலிக்கின்றதென அறிதலாகாது. பத்து முறையில் ஐந்து முறை சரியாகச் சொல்வது வெறும் ஊகத்தாலும் கூடும். ஒன்பது முறையேனும் சரியாகச் சொன்னால், அது தற்செயலாக நிகழ்வது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றே. அப்பொழுது அச்செவியை நம்பலாம்.

இச்சோதனையிலே தோற்றவருக்கு இழிவு யாதுமில்லை. குறைந்த விலை வால்வே தமக்குப் போதும் என அறிந்த அவர், எஞ்சிய பணத்துக்கு நல்ல இசைத்தட்டுகளை வாங்கிக் கேட்கலாமன்றோ?