நம் கதைகளுக்கு வாசகரைத் தேடுதல்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



நம்மில் கதை எழுதுபவர்கள் பலர். விடுதி வாழ்க்கை, இடப்பெயர்வு, வைத்தியசாலையின் இரவுக் கடமை, புலம்பெயர்ந்த வீட்டின் தனிமை என்று நாம் எழுதும் களங்கள் சிறியவை. இவற்றைப் பத்தாயிரம் பேர் வாங்கப் போவதில்லை. ஆனால் ஆவலோடு வாசிக்கக்கூடிய முந்நூறு பேர் உலகின் பல மூலைகளில் இருக்கிறார்கள். அவர்களை எப்படிக் கண்டடைவது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

நம் நாட்டில் தமிழ்க் கதைநூல் வெளிவரும் விதம் நமக்குத் தெரியும். பெரும்பாலும் எழுதியவரே அச்சுச் செலவைக் கொடுக்கிறார். பின்னர் வெளியீட்டு விழா. மங்கல விளக்கு, ஆசியுரை, நயவுரை, ஏற்புரை. முதற்பிரதியும் சிறப்புப் பிரதியும் பெறுவோர் கடித உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். செலவில் ஒரு பங்கு அன்றே திரும்பிவிடும். அது அன்பின் வழக்கம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் உறை தந்தவர் நம் உறவினர், அயலவர், உடன் வேலை செய்பவர். அவர் நூலைத் திறந்து பார்த்தாரா என்பது நமக்குத் தெரியாது. மீந்த பிரதிகள் பெட்டியோடு கட்டிலுக்கடியில் போய்விடுகின்றன. அடுத்த நூலுக்கும் அதே உறவினரிடமே போகவேண்டியிருக்கிறது.

வேறு வழிகளில் நடந்தவர்கள் உண்டு. நாம் சிறுவயதில் கேட்ட பீற்றர் றபிற் முயலின் கதை, 1893இல் பியற்றிக்ஸ் பொற்றர், நோயுற்றிருந்த நோயல் என்ற சிறுவனுக்கு எழுதிய படக் கடிதமாகப் பிறந்தது. பதிப்பகங்கள் மறுத்தபோது, 1901 டிசம்பரில் தம் பணத்தில் 250 பிரதிகள் மட்டும் அச்சிட்டார். அவை கைமாறித் தீர்ந்ததும் மேலும் 200 அச்சிட்டார். 1902இல் முன்பு மறுத்த பதிப்பகங்களுள் ஒன்றே அதை வெளியிட்டது. பிள்ளைகளின் சிறு கைகளுக்கு ஏற்ற சிறிய நூலாக, குறைந்த விலையில் இருக்கவேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். தம் வாசகர் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் மண்ணில் டொமினிக் ஜீவா இருந்தார். 1966இல் யாழ்ப்பாணத்தில் ‘மல்லிகை’யைத் தொடங்கி, 400க்கும் மேற்பட்ட இதழ்களை வெளிக்கொணர்ந்தார். இதழைக் கையில் சுமந்து, தெருத்தெருவாகத் தாமே விற்றார். வாங்கியவரின் முகம் அவருக்குத் தெரியும். அடுத்த இதழோடு அவர் வருவார் என்பது வாங்கியவருக்கும் தெரியும்.

வைத்தியத் தொழிலில் இருக்கும் நமக்கு இது புதிதல்ல. கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியை எழுதாமல் நாம் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. வாசகருக்கும் ஓர் அடுத்த திகதி வேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தடித்த தொகுதி ஒன்றைப் போடுவதிலும், ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் ஐந்து கதைகள் கொண்ட சிறுநூல் ஒன்றை வெளியிடுவது மேல். ஒரு கொப்பியில் வாசகரின் பெயர், ஊர், எந்தக் கதை பற்றி என்ன சொன்னார் என்பதைக் குறித்து வைப்போம். அடுத்த நூலை அச்சுக்குக் கொடுக்குமுன் அவர்களுக்கு அறிவித்து, முன்பதிவைப் பெற்று, அந்தத் தொகைக்குச் சற்றே கூடுதலாக மட்டும் அச்சிடுவோம். டிஜிற்றல் அச்சில் 100 பிரதிகளும் போடலாம். ஒரு பிரதிக்கான செலவு கூடும். ஆனால் கட்டிலுக்கடியில் பெட்டி இராது.

ரொறன்ரோவுக்கும் மெல்பேணுக்கும் தபாற்செலவு நூலின் விலையையே மிஞ்சிவிடும். அங்குள்ள சகோதரிகளுக்குக் கிண்டிலில் மின்னூலாகக் கொடுக்கலாம். விடுமுறைக்கு வந்து திரும்புபவரிடம் பத்துப் பிரதிகளைக் கொடுத்தனுப்பலாம்.

அட்டைப்படத்துக்குச் செலவழிக்குமுன் பிழைதிருத்துபவருக்குச் செலவழிப்போம். தயவு தாட்சண்யமின்றிச் சிவப்பு மையால் வெட்டும் வகுப்புத் தோழி ஒருத்தியும் தேவை. பிழை மலிந்த ஒரு நூலை வாசகர் பொறுத்துக்கொள்வார், இரண்டாவதை வாங்கமாட்டார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சிறிய வட்டத்தில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். நோயாளி நம்மிடம் சொன்னதை, பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றிவிட்டுக் கதையாக்கினால் அவருடைய உறவினர் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்க முடியாதவாறு அதை முற்றாக உருமாற்றும்வரை அந்தக் கதையை அச்சுக்குக் கொடுக்கக்கூடாது.

ஏன் இவ்வளவு பாடு? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பின்னர் போரும் இடப்பெயர்வும் வீட்டு அலுமாரிகளையும் வெறுமையாக்கின. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்துக்கு, எவரோ ஒருவர் கைவிடாமல் வைத்திருந்த பிரதிகளும் வந்து சேர்ந்தன. பெட்டியில் கிடக்கும் முந்நூறு பிரதிகளைக் கறையானோ வெள்ளமோ ஒரே இரவில் தின்றுவிடும். முந்நூறு வீடுகளுக்குப் போன முந்நூறில் ஒன்றாவது மிஞ்சும். ஆகவே நாம் போடும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியை நம் கல்லூரி நூலகத்துக்குக் கொடுப்போம்; ஒன்றை எண்ணிமமாக்க அனுமதியோடு அனுப்புவோம்.

மண்டப வாசலில் பழைய மாணவியர் எழுதிய நூல்கள் வைக்கப்பட்டுள்ளன. ஒன்றை வாங்குங்கள். தவணை விடுமுறை முடிவதற்குள் வாசித்து, பிடித்தது எது, பிடிக்காதது எது என்று எழுதியவருக்கு நான்கு வரி எழுதுங்கள். அந்த நான்கு வரிக்காகவே அவர் அடுத்த கதையை எழுதத் தொடங்குவார்.